இன்சுலின் போட்டும் மகன் வளரவில்லை: வளர்ச்சி ஹார்மோன் சரி, ஐஜிஎஃப்-1 மட்டும் ஏன் குறைவு?

கேட்பவர் (ஒரு தாய்):
என் மகனுக்கு 12 வயது. 8 வயதிலிருந்து முதல் வகைச் சர்க்கரை நோய். தினமும் நான்கு ஊசி. இரண்டு வருடம் முன்பு தைத்த பள்ளிக் கால்சட்டை இன்றும் நீளம் சரியாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் சோதனை) 10.2. வளர்ச்சி ஹார்மோன் குறைவில்லை என்கிறார்கள். எலும்பை வளரச் செய்யும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோன் மட்டும் வயதுக்குரிய அளவைவிடக் குறைவு. காரணம் கேட்டேன், "சர்க்கரையைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் இரவு ஊசியைப் பல நாள் குறைத்தே போடுகிறேன். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகுமா?

பதில் 1 (உயிர்வேதியியல் ஆசிரியர்):
அம்மா, இரவு ஊசியைக் குறைப்பதாக நீங்கள் சொன்னதில்தான் பெரும்பாலும் விடை இருக்கிறது. ரத்தத்தில் உள்ள ஐஜிஎஃப்-1-ஐப் பெருமளவு சுரப்பது கல்லீரல். அதைச் சுரக்கச் சொல்வது வளர்ச்சி ஹார்மோன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும் ஏற்பிகள் கல்லீரலில் போதுமான அளவு இருக்க இன்சுலின் வேண்டும். கணையம் சுரக்கும் இன்சுலின் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ஏறத்தாழ பாதி அங்கேயே நின்றுவிடும். தோலுக்கடியில் போடும் ஊசி மருந்தோ உடல் முழுவதும் கலந்த பிறகே அங்கே போகிறது. எனவே ஊசி போடும் பிள்ளையின் கல்லீரலுக்கு எப்போதும் கொஞ்சம் குறைவுதான். அளவையும் குறைத்தால் ஐஜிஎஃப்-1 இன்னும் இறங்கும். அது இறங்குவதைக் கண்டு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை மேலும் சுரக்கும். அந்த ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுத்துச் சர்க்கரையை ஏற்றும்.

ரத்தத்தில் ஐஜிஎஃப்-1-ஐப் பிடித்துக்கொள்ளும் பிணைப்புப் புரதங்களும் இதில் சேர்கின்றன. தனியாக இருக்கும் ஐஜிஎஃப்-1-இன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) பத்து நிமிடம்போல. மூன்றாம் எண் பிணைப்புப் புரதமும் இன்னொரு துணைப் புரதமும் சேர்ந்து அதைப் பிடித்துவைத்தால் 12 முதல் 15 மணி நேரம் நீடிக்கும். ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. முதலாம் எண் புரதத்தின் போக்கு வேறு. அதன் உற்பத்தியை இன்சுலின் அடக்கிவைக்கிறது. இன்சுலின் குறைந்த இரவில் அது சில மணி நேரத்தில் ஏறி, தனியாக இருக்கும் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கேட்பவர்:
ஐயா, அப்படியென்றால் ரத்தம் எடுத்த நேரம் தவறாக இருந்திருக்குமோ? காலையில் வெறும் வயிற்றில்தான் எடுத்தார்கள்.

பதில் 1:
இல்லை அம்மா. மொத்த ஐஜிஎஃப்-1 ஒரு நாளுக்குள் பெரிதாக மாறாது. நேரத்துக்கு நேரம் மாறுவது முதலாம் எண் புரதம்தான்.

பதில் 2 (குழந்தைகள் பிரிவுச் செவிலியர்):
சகோதரி, வளர்ச்சி ஊசிக்கு அவசரப்படாதீர்கள். அது இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டும். முதலில் தைராய்டும், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும் பார்த்தாயிற்றா? முதல் வகை உள்ள பிள்ளைகளுக்கு இவை இரண்டும் கூடுதலாக வருகின்றன. இரண்டுமே உயரத்தைத் தடுக்கும். சர்க்கரை வெகுகாலம் கட்டுப்படாத பிள்ளைகளுக்குக் கல்லீரல் வீங்கி வளர்ச்சி நிற்பதை மோரியாக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1930-லேயே எழுதியிருக்கிறார். இன்சுலின் சரியானதும் பெரும்பாலும் அது மீளும். ஆனால் அளவை நீங்களே ஏற்றிவிடாதீர்கள். வெகுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை திடீரென்று இறங்கினால் விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம். கண் பரிசோதனையும் கேளுங்கள். ஒரு வாரம் இரவு 3 மணிக்குச் சர்க்கரை பார்த்து எழுதி வையுங்கள். இரவு ஊசியைக் குறைத்ததையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பயந்த தாயை யாரும் திட்டமாட்டார்கள். தெரியாமல் அவர்களால் அளவைச் சரிசெய்ய முடியாது.

கேட்பவர் (நான்கு மாதம் கழித்து):
தைராய்டு சரி, சீலியாக் இல்லை, கண்ணும் நன்றாக இருக்கிறது. குறிப்பேட்டைக் காட்டினேன். இரவு ஊசியின் வகையை மாற்றி, அளவைப் படிப்படியாக ஏற்றினார்கள். எச்பிஏ1சி 8.3. ஐஜிஎஃப்-1 வயதுக்குரிய எல்லையின் கீழ்ப்படியைத் தொட்டுவிட்டது. நிலைக்கதவில் போட்ட பென்சில் கோட்டுக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான். கால்சட்டையின் மடிப்பை இன்று பிரித்துவிட்டேன்.