லினக்ஸில் பென்டிரைவ்: பட்டை நிறைந்தால் காப்பி முடிந்ததா?

மஞ்சக்குப்பம், கடலூர்:

எங்களுடையது டிசைன், பிரிண்டிங் கடை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் டெபியன் என்ற லினக்ஸ்தான். முகூர்த்த மாதங்களில் ஸ்டூடியோக்காரர்கள் பென்டிரைவும் கையுமாக வந்து நிற்பார்கள். அப்படி வந்த ஒருவர், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று, காப்பி ஆவதைக் காட்டும் பட்டை நூறு சதவீதம் காட்டியதுமே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். நெய்வேலியில் திறந்து பார்த்தால் பல படங்களில் மேல் பாதி மட்டும் இருக்கிறது, கீழே வெறும் சாம்பல் நிறம். போனில் நல்ல திட்டு: “உங்க லினக்ஸே சரியில்ல!”

அவர் கோபத்தில் பாதி நியாயம் உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எதையும் முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் பென்டிரைவுக்கு எழுதும். கையில் இருக்கும் ரேமில் 20 சதவீதம் வரை இப்படித் தேங்கலாம் என்பது அதன் வழக்கமான அமைப்பு. 16 ஜிபி ரேம் என்றால் ஏறக்குறைய 3 ஜிபி. பென்டிரைவ் விநாடிக்கு 10 எம்பி எழுதினால், பட்டை நிறைந்த பிறகும் ஐந்து நிமிட வேலை பாக்கி.

பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் ஆபத்து குறைவு. டெஸ்க்டாப் அதை மவுண்ட் செய்யும்போது, அதாவது திறந்து பயன்படுத்த இணைக்கும்போது, ‘ஃப்ளஷ்’ ஆப்ஷனைத் தானே சேர்த்துவிடுவதால் தேங்காமல் எழுதத் தொடங்கும். ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக வைக்க முடியாது. வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் கொண்டுவருகிறார்கள், அதற்கு இந்தச் சலுகை கிடையாது. அவசரக்காரர்களும் அவர்களேதான்!

கெர்னலின் அளவுகளை மாற்றும் சிஸ்கண்ட்ரோல் அமைப்பில், ரேமில் தேங்கக்கூடிய உச்ச அளவான ‘டர்ட்டி பைட்ஸ்’ 64 எம்பி, பின்னணியில் எழுதத் தொடங்கும் அளவான ‘டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்’ 16 எம்பி என்று வைத்தேன். இது உள்ளே இருக்கும் டிஸ்குக்கும் பொருந்தும், கடை வேலைக்கு அதனால் பாதகமில்லை. இப்போது பட்டை ஆமை மாதிரி நகர்கிறது, ஆனால் உண்மையைக் காட்டுகிறது. எதையும் தேக்காமல் உடனுக்குடன் எழுதும் ‘சிங்க்’ ஆப்ஷனில் மவுண்ட் செய்யச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். பென்டிரைவின் ஆயுள்தான் குறையும், வேண்டாம்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

அண்ணா, எங்களுக்கு வந்த தொல்லை வேறு. எஜெக்ட் கொடுத்தால் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று அடம்பிடிக்கும். பெரும்பாலும் ஏதோ ஒரு டெர்மினல் அந்த ஃபோல்டருக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளை போட்டால் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பிஸியாக இருக்கும்போதே கழற்றிவிடும் ‘லேசி’ அன்மவுண்ட் போடுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. டிரைவ் கண்ணிலிருந்து மறையுமே தவிர, உள்ளே எழுதுவது ஓடிக்கொண்டிருக்கலாம்.

குருசுக்குப்பம், புதுச்சேரி:

கடற்கரைக்காரன் சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள். உப்புக் காற்றில் கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி போர்ட் துருப்பிடித்துவிட்டது. லேசாக அசைந்தாலே பேக்கப் ஹார்ட் டிஸ்க் துண்டித்துத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். டிஸ்குக்கு லினக்ஸ் வைத்த பெயர் எஸ்டிபி என்றிருந்தது எஸ்டிசி ஆகிவிடும், பழைய மவுண்டைத் தொட்டால் படிக்கவோ எழுதவோ முடியாமல் ஐ/ஓ எரர் வரும். கெர்னல் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ பார்த்தால் துண்டித்த வரிகள் வரிசையாக இருக்கும். மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டுக்கு மாற்றினேன், துண்டிப்பு நின்றுவிட்டது. எந்த டிஸ்கை மவுண்ட் செய்வது என்ற பட்டியலான எஃப்எஸ்டேபில் எஸ்டிபி என்று எழுதாமல், டிஸ்கின் மாறாத அடையாளமான யுயுஐடி போடுங்கள், கூடவே ‘நோஃபெயில்’ ஆப்ஷன். அது இல்லாவிட்டால் டிஸ்க் மாட்டாத நாளில் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, பழுது பார்ப்பதற்கான எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொள்ளும்.