பார்த்தும் நம்பாதவர்கள்: தெரிந்த நிகழ்வுகளைப் பகிருங்கள்

அற்புதத்தைக் கண்ணால் பார்த்தால் எல்லோரும் நம்பிவிடுவார்களா என்பதுதான் கேள்வி. பிரான்சில் நோயாளிகள் குணம் வேண்டிப் போகும் கத்தோலிக்கத் திருத்தலமான லூர்திலிருந்து தொடங்கலாம். அலெக்சிஸ் காரல், லியோன் நகர டாக்டர், கடவுள் நம்பிக்கை விட்டுப்போனவர். 1902இல் நோயாளிகளை ஏற்றிச்சென்ற யாத்திரை ரயிலில் மருத்துவராகப் போனார். அதில் மரி பாய்யி என்ற பெண். வயிற்றுச் சவ்வில் காசநோய் என்று கணித்திருந்தார்கள். லூர்து ஊற்றுநீர்த் தொட்டியில் இறக்க முடியாத நிலை, அதனால் உப்பிய வயிற்றின் மேல் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார்கள். போர்வைக்கடியில் மேடாகத் தெரிந்த வயிறு சுமார் அரைமணி நேரத்தில் தணிந்து தட்டையானது. காரல் பக்கத்தில் நின்று நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்.

உடனே மண்டியிட்டாரா? இல்லை. நடந்தது நடந்தது, காரணம் தெரியாது என்றார். லியோன் மருத்துவ வட்டாரத்தில் அதுவே அவருக்கு வினையானது. பக்தர்களுக்கும் அது போதவில்லை. 1904இல் கடல் கடந்தார், 1912இல் ரத்தக்குழாய்த் தையலுக்கு நோபல். திருச்சபையின் திருவருட்சாதனங்களை (புனிதச் சடங்குகளை) பெற்றது 1944இல், சாகும் தறுவாயில். நடுவில் நாற்பது வருஷம்!

———

குணமானதாகச் சொல்பவர்களைப் பரிசோதிக்கும் லூர்து மருத்துவ அலுவலகத்தின் நடைமுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1883 முதல் இருக்கிறது. எந்த மதத்து டாக்டரும், மதமே இல்லாதவரும் பரிசோதனையில் உட்காரலாம். அளவுகோல் 18ஆம் நூற்றாண்டில் கார்டினல் லம்பெர்தீனி வகுத்தது: நோய் கடுமையானதாக இருக்கணும், தானாகத் தணியும் கட்டத்தில் இருக்கக்கூடாது, மருந்தால் குணமாகியிருக்கக்கூடாது, குணம் சட்டென்று, முழுசாக வந்து நிலைக்கணும்.

கோப்பு தடுக்கி விழும் இடம் வேறு. குணமான பிறகு எடுத்த ரிப்போர்ட் கட்டுக்கட்டாக இருக்கும். முன்னால் எடுத்த எக்ஸ்ரேயோ பயாப்சியோ இருக்காது. இல்லாத நோய் குணமானதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. எல்லாம் சரியாக இருந்தாலும் டாக்டர்கள் 'இன்றைய மருத்துவத்தால் விளக்க முடியவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 'புதுமை', அதாவது அற்புதம், என்று அறிவிப்பது ஆயர் (பிஷப்). சிஸ்டர் பெர்னதெத் மொரியோ குணமானது 2008, அறிவிப்பு 2018. லூர்து புதுமைகளில் அது எழுபதாவது.

———

பார்த்தால் நம்பிவிடுவார்கள் என்பதற்குப் பைபிளே சாதகமாக இல்லை. நாலு நாள் கல்லறையில் கிடந்த லாசரு இயேசு கூப்பிட்டதும் எழுந்து வந்ததைப் பார்த்தவர்களில் சிலர் நேரே போய், இயேசுவை எதிர்த்த யூத மதப் பிரிவினரான பரிசேயரிடம் சொல்லிக்கொடுத்தார்கள் (யோவான் 11:46). இயேசுவின் சீடர்கள் பவுலும் பர்னபாவும் போதிக்கப் போன லீஸ்திரா ஊர்க் கதை இன்னும் சுவாரசியம். பிறவிச் சப்பாணி நடந்ததும் கூட்டம் பவுலை ஹெர்மெஸ், பர்னபாவைச் சேயுஸ் என்று தங்கள் கிரேக்கக் கடவுள்களின் பெயரால் அழைத்தது. பூசாரி காளையும் மாலையுமாக வந்துவிட்டார். பிறகு வெளியூரார் பேச்சைக் கேட்டு அதே ஊர் பவுலைக் கல்லெறிந்தது. அற்புதத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. அவரவர் வீட்டுச் சாமியைத்தான் அதில் பார்த்தார்கள்.

———

காரல் கதைக்கு ஒரு வால் உண்டு. மரி பாய்யி கோப்பை மருத்துவக் குழு பின்னாளில் ஏற்கவில்லை. பொய்க் கர்ப்பம் போல மனம் சார்ந்த வீக்கமாக இருக்குமோ என்று அன்றைய டாக்டர்கள் சோதித்து ஒதுக்கவில்லை என்பது காரணம். லூர்து வெளியிடும் புதுமைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.