சிடிசி 3.6 லட்சம்னா கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: தங்கச்சி பி.காம் முடிச்சிருக்கா. கோயம்புத்தூர் கம்பெனி விளம்பரத்துல "சிடிசி 3.6 லட்சம், வேரியபிள் உட்பட, இமீடியட் ஜாய்னர்"னு போட்டிருக்கு. மாசம் முப்பதாயிரம் வரும்னு அம்மா கணக்குப் போட்டுட்டாங்க. சரியா?

பதில்: இல்லை தம்பி. நான் ஒன்பது வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவள். சிடிசி என்பது ஒரு ஆளுக்காக வருஷத்துக்கு கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாசம் 15,000, வேரியபிள், அதாவது டார்கெட்டைப் பொறுத்து வர்ற பணம், சிடிசியில பத்து சதவீதம்னு வச்சுக்கோங்க. முப்பதாயிரத்துல கம்பெனி பங்கு பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) 1,800, கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 721, வேரியபிள் 3,000 முதல்லயே போயிடும். அப்புறம் தங்கச்சி பங்கு பி.எஃப் இன்னொரு 1,800. கைக்கு 22,600 பக்கம்தான். தொழில் வரி தனி. அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, வாடகைக்கு வீடு பாக்குறதுக்கு முன்னாடி.

கேள்வி கேட்டவர்: வேரியபிள் மாசாமாசம் வராதா அக்கா?

பதில்: பெரும்பாலும் வருஷக் கடைசியில, டார்கெட் முடிச்சா மட்டும். "போன வருஷம் எத்தனை பேருக்கு முழுசா கொடுத்தீங்க?"னு இன்டர்வியூவிலேயே கேக்கச் சொல்லுங்க.

இன்னொருவர்: இமீடியட் ஜாய்னர்னா பதினஞ்சு நாளுக்குள்ள சேரணும். ஃப்ரெஷருக்கு பழைய வேலையை விட நோட்டீஸ் பீரியட் கிடையாது, கவலை வேண்டாம். ஆனா பாண்ட், அதாவது இத்தனை வருஷம் வேலையை விடக்கூடாதுங்கிற ஒப்பந்தம், இருக்கான்னு பாருங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்டா தரவே தராதீங்க.