ராத்திரியோடு ராத்திரியாக வைத்த ஸ்னோடன் சிலை: அனுமதி கேட்காதது தப்பா?

ஈரோட்டு ஓவியன்:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மதியம் பட்டிமன்றம் நடத்துவார்கள். இந்த வாரத் தலைப்பு, பொது இடத்தில் அனுமதி இல்லாமல் வைக்கும் கலை மரியாதையா அத்துமீறலா என்பது. அதற்கு எடுத்துக்காட்டாக நான் சொன்ன சம்பவத்தால் ஆசிரியர் அறையிலேயே சண்டை வந்துவிட்டது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

2015 ஏப்ரல் 6, விடிவதற்கு முன்னால் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஃபோர்ட் கிரீன் பூங்காவுக்குள் சில கலைஞர்கள் போய், அங்கே இருக்கும் போர்க்கைதிகள் நினைவிடத்தின் ஓரத்துச் சின்னத் தூண் ஒன்றின் மேல் எட்வர்ட் ஸ்னோடனின் மார்பளவுச் சிலையை வைத்துவிட்டு வந்தார்கள். அமெரிக்க உளவு அமைப்பு ஜனங்களின் தொலைபேசி விவரங்களை ரகசியமாகத் திரட்டியதை 2013ல் வெளியே சொன்னவர் அவர். நாலு அடி உயரம், நூறு பவுண்டு எடை, நம் கணக்கில் 45 கிலோ. கீழே அவர் பெயரையும் எழுத்து எழுத்தாகப் பதித்திருந்தார்கள். பூங்கா ஊழியர்கள் முதலில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள், அன்றைக்கே கழற்றி எடுத்தும் போய்விட்டார்கள். ஆனால் இருட்டின பிறகு, முதலில் வைத்தவர்களோடு தொடர்பே இல்லாத வேறொரு குழு வந்து, அதே தூணின் மேல் புகையைக் கிளப்பி, அந்தப் புகையில் ஸ்னோடனின் உருவத்தை ஒளியாக விழவைத்தது. சிலையை எடுத்துவிடலாம், புகையில் தெரியும் முகத்தை எப்படி எடுப்பது? படத்தைப் பார்த்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

என்னைக் குழப்புவது அந்த இடம்தான். அமெரிக்க விடுதலைப் போரின்போது பிரிட்டிஷ்காரர்கள் பிடித்த கைதிகளைப் பக்கத்து வாலபௌட் விரிகுடாவில் கப்பல்களிலேயே அடைத்து வைத்தார்கள். பசியிலும் நோயிலும் 11,500 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருடைய எலும்புகள் அந்த நினைவிடத்துக்குக் கீழேதான் இருக்கின்றன, மேலே 149 அடித் தூண் 1908ல் எழுப்பியது. இத்தனை பேர் உறங்கும் இடத்தில் உயிரோடு இருக்கும் ஒருவருக்குச் சிலை வைக்கலாமா? அவர்களும் சுதந்திரத்துக்காகத் தன்னைக் கொடுத்தவர்கள், இவரும் அப்படித்தான் என்பது வைத்தவர்களின் எண்ணம். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனால் நாட்டின் ரகசியத்தை வெளியே கொடுத்தவனுக்கா தியாகிகள் மண்ணில் இடம் என்று கேட்டு எங்கள் வரலாற்று ஆசிரியர் எழுந்தே போய்விட்டார். அவர் கோபத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

கோபி வக்கீல்:

சார், இதில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது. ஸ்னோடன் செய்தது சரியா என்பது ஒன்று, சிலை வைத்தது சரியா என்பது இன்னொன்று. பிள்ளைகளிடம் முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நடுவர் பாடு திண்டாட்டம்தான்.

2013 ஜூனில் வெளியான முதல் செய்தியே வெரிசான் நிறுவனத்துக்குப் போன ஒரு ரகசிய நீதிமன்ற உத்தரவைப் பற்றியது. யார் யாரிடம் எப்போது எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற விவரத்தை, சந்தேகம் எதுவும் இல்லாத சாதாரண ஜனங்களுடையதையும் சேர்த்து, மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். சிலையைக் கழற்றியது ஏப்ரல் 6, சரியா? மே 7ஆம் தேதி அதே நியூயார்க்கில் இருக்கும் அப்பீல் கோர்ட், இப்படி மொத்தமாக வாங்குவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஜூன் மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றியது. உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் இந்தத் தேதிகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஸ்னோடன் கொடுத்த ஆவணங்கள் உள்நாட்டுத் தொலைபேசி விவரத்தோடு நிற்கவில்லை, வெளிநாடுகளில் நடந்த உளவு வேலையைப் பற்றியும் ஏராளமாக இருந்தது. எதிர்ப்பவர்கள் பிடித்துக்கொள்வது அதைத்தான். ஊருக்குத் திரும்பி வழக்கைச் சந்திக்க வேண்டியதுதானே என்றும் கேட்பார்கள். அவர் மேல் போட்டிருப்பது 1917ல் வந்த உளவுச் சட்டம். ஜனங்களின் நன்மைக்காகச் சொன்னேன் என்ற வாதத்துக்கு அதில் இடமில்லை. வாயைக் கட்டிவிட்டு வழக்காடு என்றால் எப்படிங்க? 2013லிருந்து ரஷ்யாவிலேயே இருக்கிறார், 2022ல் அந்த நாட்டுக் குடியுரிமையும் கொடுத்துவிட்டார்கள்.

சிலை விஷயத்தில் சட்டப்படி நடந்தது கொஞ்சம்தான். வைத்தவர்களில் இரண்டு பேர் வக்கீல் மூலமாக வந்து சிலையைத் திருப்பிக் கேட்டார்கள். பூட்டிய நேரத்தில் பூங்காவுக்குள் இருந்ததற்காக ஆளுக்கு 50 டாலர் அபராதம். மே மாதம் போலீஸ் சிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

நொய்யல்காரி:

நான் எதிரணி. கோபப்படாமல் படியுங்கள்.

திருப்பூரில் எட்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்துச் சந்திப்பில் ஒரு ராத்திரியில் ஒரு தலைவர் சிலை முளைத்தது. யார் சிலை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இங்கேயும் அதே சண்டைதான் வரும். விடிந்ததும் ஒரு பக்கம் மாலையோடு கூட்டம், இன்னொரு பக்கம் எடுக்கச் சொல்லிக் கூட்டம், நடுவில் போலீஸ். மூன்று நாள் கடை திறக்கவில்லை. டெய்லர், செக்கிங், மடிக்கிற பொண்ணுகள் யாரும் வீட்டை விட்டு வரவில்லை. நான் கொடுக்க வேண்டிய டெலிவரி தவறி, அந்தப் பார்ட்டி அதற்கப்புறம் எனக்கு வேலையே கொடுக்கவில்லை. வைத்தவர்களைக் கேட்டால் அவர்களும் இதே வார்த்தைதான் சொல்வார்கள், எங்கள் தலைவர் ஜனங்களுக்காகத் தன்னைக் கொடுத்தவர், அனுமதி கேட்டால் கொடுக்க மாட்டார்கள், அதனால் வைத்தோம் என்று.

நம் ஊரில் எத்தனை சிலை கூண்டுக்குள் நிற்கிறது பாருங்கள். கம்பிக்குப் பின்னால் நிற்பதற்கா அவர்கள் பாடுபட்டார்கள்? 2013 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க இனிமேல் அனுமதியே கொடுக்கக் கூடாது என்று மாநில அரசுகளுக்கு உத்தரவு போட்டது சும்மா இல்லை.

ஸ்னோடன் நல்லவராகவே இருக்கட்டும். நல்லவருக்காக விதியை ஒரு தடவை தளர்த்தினால், அடுத்த ராத்திரி வருகிறவனிடம் உன் ஆள் நல்லவன் இல்லை என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கும்? அந்த 11,500 பேரின் வாரிசுகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றும் தோன்றுகிறது.

பூண்டிச் சிற்பி:

அக்கா சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். வேலைக்காரனாக ஒன்றிரண்டு சொல்கிறேன்.

திருமுருகன்பூண்டியில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகக் கல் வேலை. கருங்கல்லில் நாலடி மார்பளவு அடித்தால் அரை டன் பக்கம் வரும், செயின் பிளாக் இல்லாமல் தூணில் ஏற்ற முடியாது, அந்தச் சத்தத்தில் ஊரே எழுந்துவிடும். இவர்கள் களிமண்ணில் உருவம் பிடித்து, அச்செடுத்து, ஹைட்ரோகால் என்ற கெட்டியான பிளாஸ்டரில் வார்த்திருக்கிறார்கள். அதனால்தான் 45 கிலோவில் முடிந்தது. மேலே வெண்கலம் போல நிறம். ஏற்கெனவே அங்கே இருக்கும் வெண்கலக் கழுகுச் சிலைகளோடு சேர்ந்து போகிற மாதிரி அந்த நிறத்தைக் கொண்டுவந்ததுதான் கஷ்டமான வேலை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ரொம்ப நாளாக அங்கேயே இருந்தது போல உட்கார்ந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடி போட்ட முகம் வேறு. கண்ணாடி விளிம்புக்குப் பின்னால் கண் தெரிய வேண்டும், எங்கள் பட்டறையில் அப்படி ஆர்டர் வந்தால் பெரியவர்கள் கைக்குத்தான் போகும்.

இத்தனை பாடுபட்டுச் செய்ததை, சில மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பழைய தூணுக்குக் காயம் படாமல் எடுக்கிற மாதிரித்தான் ஒட்டியும் இருக்கிறார்கள். அக்கா ஊரில் வைத்தவர்கள் சிமெண்ட் போட்டுப் பீடம் கட்டியிருப்பார்கள், அந்த இடம் இனி எங்களுடையது என்று சொல்வதற்காக. எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு நெருடல் எனக்கும் உண்டு. பழைய சிலையின் நிறத்தையே கொடுத்ததால், காலையில் நடக்க வந்தவர்களில் சிலர் அரசாங்கமே வைத்தது என்று நினைத்திருக்கக் கூடும். வைத்தவர்கள் வேண்டியதும் அதுதானோ என்னவோ. அது சரியா என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

ஈரோட்டு ஓவியன்:

சிற்பி அண்ணா, பீடத்துக்கும் பசைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை. நொய்யல்காரி அக்கா, உங்கள் டெலிவரி போன கதையைப் படித்ததும் என் உறுதி கொஞ்சம் ஆடிப்போனது உண்மை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ராத்திரியில் முளைத்த அந்தச் சிலைக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது, ஓட்டு இருந்தது. ஸ்னோடனுக்குப் பின்னால் என்ன கூட்டம் இருந்தது? அரசாங்கத்தை எதிர்த்து உண்மை சொன்னவனுக்கு அதே அரசாங்கத்திடம் போய்ச் சிலை வைக்க அனுமதி கேட்டால் கிடைக்குமா? கிடைக்கவே கிடைக்காத ஒன்றைக் கேட்காமல் செய்து, பிறகு அபராதத்தையும் கட்டியவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. கழற்றிய அதே சிலையை அடுத்த வருஷம் புரூக்ளின் அருங்காட்சியகம் தன் கண்காட்சியில் வைத்ததையும் பாருங்கள்.

நொய்யல்காரி:

தம்பி, அனுமதி கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லாதீர்கள். அதே 2015ல், மே 1ஆம் தேதி, பெர்லினில் அலெக்சாண்டர்பிளாட்ஸ் என்ற பெரிய சதுக்கத்தில் டவிடே டோர்மினோ என்ற இத்தாலியச் சிற்பி ஸ்னோடன், அவரைப் போலவே அரசாங்க ரகசியங்களை வெளியே கொண்டுவந்த அசாஞ்ச், செல்சி மேனிங் மூன்று பேரையும் ஆளுக்கொரு நாற்காலி மேல் நிற்கிற மாதிரி வெண்கலத்தில் வைத்தார். பட்டப்பகலில், ஜனங்கள் நடுவில். நாலாவதாக ஒரு நாற்காலி காலியாக இருக்கும். யார் வேண்டுமானாலும் அதில் ஏறி நின்று மனதில் இருப்பதைப் பேசலாம். அப்புறம் அந்தச் சிலைகள் ஊர் ஊராகப் போயின. அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை. அந்த மரியாதைக்கு ராத்திரியில் ஒளிந்து போக வேண்டியிருக்கவில்லை.

கோபி வக்கீல்:

அக்கா, அது பெர்லின். சொந்த நாட்டில் அந்த மூன்று பேரையும் அப்படி நிற்க விடுவார்களா என்பதுதான் சார் கேட்பது.

பிள்ளைகளிடம் நம் நாட்டைப் பற்றியும் பேசுங்கள் சார். நெடுஞ்சாலை ஆணைய என்ஜினியர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேட்டைப் பிரதமருக்கே கடிதமாக எழுதினார். என் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும், கடிதம் பெயரோடு பல மேசைக்குப் போனது. 2003 நவம்பர் 27ல் கயாவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், முப்பது வயது. அவர் சாவுக்குப் பிறகு எழுந்த சத்தத்தில் பிறந்த பேச்சுதான் 2014ல் உண்மை சொல்பவர்களைக் காப்பதற்கான சட்டமாக வந்து, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆனது. ஆனால் அது அமலுக்கு வரும் தேதியை அறிவிக்காமலேயே வருஷக்கணக்காகப் போட்டு வைத்தார்கள். கோர்ட்டில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். துபேவின் முகத்தை நாலு பேருக்குத் தெரிகிற சுவரில் யாராவது அனுமதி கேட்காமல் வரைந்தால், வழக்கு வந்தால் நான் பீஸ் வாங்காமல் வாதாடுவேன்.

நொய்யல்காரி:

வக்கீல் சார், துபே படத்தை என் யூனிட்டுச் சுவரிலேயே வரையச் சொல்லுங்கள். அவிநாசி ரோட்டைப் பார்த்த சுவர், என் பெயரில் பட்டா இருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஈரோட்டு ஓவியன்:

அக்கா, நிஜமாகவா? என் பிள்ளைகளில் மூன்று பேர் சுவர் வேலை நன்றாகச் செய்வார்கள். பிரைமர் அடித்து வைத்தால் பரீட்சை முடிந்த வாரம் கூட்டி வருகிறேன், பெயிண்ட் செலவு என்னுடையது. வெள்ளிக்கிழமை 2 மணிக்குப் பட்டிமன்றம், எதிரணிக்கு ஆள் கொஞ்சம் பலவீனம். உங்கள் சந்திப்புச் சிலைக் கதையை நீங்களே வந்து சொல்ல முடியுமா? நடுவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு வைக்கிறேன்.