தங்க நிறத் தென்கடல் முத்து மாலை: நிறம் இயற்கையா, சாயமா? திருப்பிக் கொடுக்க ஒரு வாரம்தான் அவகாசம்

கீழைக்கடல்:
வணக்கம். மணிலாவில் ஒரு கடையில் தங்க நிற முத்து மாலை வாங்கியிருக்கிறோம். ரசீதில் "சவுத் சீ பேர்ல் (தென்கடல் முத்து), கோல்டன், ஒரிஜினல்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

மொத்தம் 39 முத்து. நடுவில் 11.5 மி.மீ., ஓரங்களில் 9 மி.மீ. ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சுப் போட்டது, நீளம் 17 அங்குலம், கொக்கி நீங்கலாக எடை ஏறக்குறைய 60 கிராம். எல்லா முத்தும் ஒரே அடர்ந்த தங்க நிறம், லேசாக ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது. அதே கடையில் அதே அளவு வெள்ளை மாலையின் விலை இதைவிட அதிகம். அதனால்தான் சந்தேகம் வந்தது.

கையில் 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பும் (சிறு உருப்பெருக்கி) 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சும் இருக்கின்றன. இன்னும் மணிலாவில்தான் இருக்கிறோம். சாயமா என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா? அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

லூப்பும் விளக்கும்:
அசிட்டோன் வேண்டாம். சாயம் முத்துப்படலத்துக்குள், அதாவது சிப்பி சுரந்த பளபளப்பான மேலடுக்குக்குள், ஊறியிருக்கும், மேலே துடைத்தால் பஞ்சில் ஒட்டாமலே போகலாம். பஞ்சு வெள்ளையாக இருப்பதைப் பார்த்து "இயற்கை நிறம்" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். போதாததற்கு, படலத்தின் அடுக்குகளைப் பிணைத்திருக்கும் கரிமப் பொருளை அது உலர்த்திவிடும். எலுமிச்சை, வினிகர் பக்கமும் போகாதீர்கள். முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும்.

முதலில், இது உண்மையான முத்துதானா? சராசரி 10 மி.மீ. என்றால் ஒரு முத்து ஒன்றரை கிராம் வரும். 39க்கு 60 கிராம் சரியாகவே இருக்கிறது. பிளாஸ்டிக் மணி இல்லை என்று இதிலிருந்து சொல்லலாம். கண்ணாடி மணியும் சிப்பி ஓட்டைக் கடைந்து பூச்சடித்த மணியும் கிட்டத்தட்ட இதே எடை வரும் என்பதால், பல்லில் லேசாக உரசிப் பாருங்கள். முத்தென்றால் நைசான மணல் போல நறநறக்கும். வழுக்கினால் போலி. இந்தச் சோதனை நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. சாயம் ஏற்றிய முத்தும் நறநறக்கத்தான் செய்யும்.

இனி நிறம். கடை விளக்கின் மஞ்சள் ஒளியில் பார்க்கவே கூடாது. பகலில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரம் வெள்ளைத் துணி விரித்து மாலையை வைத்து, லூப்பில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

துளையின் விளிம்பு: சாயம் எளிதாக உள்ளே போகும் வழி துளைதான். விளிம்பில் மற்ற இடத்தைவிடக் கறுத்த, செம்மை கலந்த வளையம் இருக்கிறதா?

மேற்பரப்புக் குழிகள், கீறல்கள், மயிரிழை வெடிப்புகள்: சாயம் அங்கே தேங்கும். குழியின் அடியில் சுற்றுப்புறத்தைவிட அடர்ந்த புள்ளி தெரிந்தால் அது கனமான சான்று. இயற்கை நிற முத்திலும் குழி இருக்கும். ஆனால் நிறம் படலத்தோடு சேர்ந்தே வளர்ந்தது, குழிக்குள் போய்ச் சேர்ந்து நிற்காது.

துளையின் உட்சுவர்: முத்தை நூலில் லேசாக ஒதுக்கி, சிறு டார்ச்சின் ஒளியைத் துளையின் வாயில் சாய்த்துப் பாருங்கள். தென்கடல் வளர்ப்பு முத்தின் நடுவில் பெரும்பாலும் இருப்பது நன்னீர்ச் சிப்பி ஓட்டில் கடைந்த வெள்ளை மணி. அந்த வெள்ளை மணியே மஞ்சளாகக் கறைபட்டிருந்தால் சாயம் என்று சந்தேகிக்கலாம். மணியும் படலமும் சேரும் கோட்டில் மட்டும் பழுப்பு தெரிந்தால் அவசரப்படாதீர்கள். சிப்பி முதலில் சுரக்கும் காங்கியோலின் என்ற கரிமப் பொருளின் அடுக்கும் சில முத்துகளில் பழுப்பாகவே இருக்கும்.

395 டார்ச்சை ஒதுக்கி வையுங்கள். அதில் ஊதா வெளிச்சமே அதிகம். 365 டார்ச் கிடைத்தால் இருட்டறையில் பாருங்கள். இயற்கைத் தங்க முத்துகள் பெரும்பாலும் பச்சை கலந்த மஞ்சளிலிருந்து பழுப்பு வரை ஒளிரும். திட்டுத் திட்டாகவோ செம்மையாகவோ ஒளிர்ந்தால் சந்தேகம் கூடும். தீர்ப்புச் சொல்ல அது மட்டும் போதாது.

நூல்கோர்வை:
துளையைப் பார்க்கும்போது நூலையும் பார்ப்பார்கள். அதில் ஒரு எச்சரிக்கை. தங்க முத்துக்குப் பொருந்த வேண்டும் என்று மஞ்சள் பட்டு நூலிலேயே கோர்ப்பது வழக்கம், எனவே நூல் மஞ்சளாக இருப்பது சான்றாகாது. வெள்ளை நூல் முத்துக்கு உள்ளே இருக்கும் இடத்தில் மட்டும் மஞ்சளாகி, முடிச்சில் வெள்ளையாகவே இருந்தால் கவனியுங்கள். முடிச்சில் மட்டும் அழுக்குப் பழுப்பு என்றால் வியர்வையும் தோலெண்ணெயும்தான்.

இதைப் பார்க்க நீங்களே நூலை வெட்டாதீர்கள். வெட்டிய மாலையைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். முத்தை மெதுவாக ஒதுக்கி இடைவெளியில் பார்த்தால் போதும்.

39 முத்தும் ஒரே நிறம் என்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. இயற்கை நிற மாலையில் நன்றாகப் பொறுக்கிச் சேர்த்ததிலும் பக்கத்துப் பக்கத்து முத்து சற்று மாறும். ஒன்றில் பச்சைச் சாயல், ஒன்றில் ரோஜாச் சாயல் இருக்கும். ஒரே முத்தின் ஒரு பக்கம் வெளிறி நிற்பதும் உண்டு. அடர்ந்த தங்க நிறத்தில் 39 முத்து ஒத்துப்போவது மிக அரிது, அப்படி அமைந்த மாலை பொதுவாக வெள்ளையைவிட அதிக விலை போகும்.

ஆழிமணி:
விலை குறைவு என்பதால் மட்டும் சாயம் என்று சொல்லிவிட முடியாதே. பளபளப்பு மங்கலாகவோ மேற்பரப்பில் வடு அதிகமாகவோ இருந்தால் இயற்கைத் தங்க நிறமும் மலிவாகக் கிடைக்கும். பிலிப்பைன்ஸின் பலவான் தீவைச் சுற்றி வளரும் தங்க உதட்டுச் சிப்பியில், அதாவது பிங்டாடா மாக்சிமாவில், இந்த நிறம் இயல்பாகவே வரும். 1996இல் பிலிப்பைன்ஸ் இதைத் தேசிய ரத்தினமாக அறிவித்தது. 1000 பெசோ நோட்டிலும் இந்த முத்து இருக்கிறது. அந்த நாட்டிலேயே வாங்கியிருக்கிறார்கள்.

லூப்பும் விளக்கும்:
முதல் பாதி சரி. தரம் குறைந்த இயற்கை நிறம் உண்டு. ஆனால் அந்த மாலையில் நிறமும் கலந்துதான் இருக்கும். விலை மலிவு, நிறம் மட்டும் துல்லியமாக ஒன்று என்ற சேர்க்கைதான் இடிக்கிறது.

விளையும் நாட்டில் வாங்கினோம் என்பது உத்தரவாதம் ஆகாது. சாயமேற்றிய நன்னீர் முத்தும் அகோயா முத்தும் (ஜப்பானில் பெயர்பெற்ற, அளவில் சிறிய கடல் முத்து) எல்லா நாட்டுச் சந்தையிலும் தங்க முத்துகளின் பக்கத்திலேயே கிடக்கின்றன. தங்க நிறத் தென்கடல் முத்து பெரும்பாலும் 9 முதல் 14 மி.மீ. 7 மி.மீ.யில் அடர்ந்த தங்க நிற மாலை கண்டால் சாயமேற்றிய அகோயா அல்லது நன்னீர் முத்து என்றே தொடங்குங்கள். கீழைக்கடல் மாலையின் அளவு தென்கடலுக்குப் பொருந்துகிறது. எனவே வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் தென்கடல் முத்துக்குச் சாயமோ சூடோ கொடுத்திருக்கலாம் என்பதே நம் கேள்வி.

கீழைக்கடல்:
பகல் ஒளியில் பார்த்தோம். பல்லில் நறநறக்கிறது. 6 முத்துகளில் துளை விளிம்பில் ஆரஞ்சு வளையம். அவற்றில் 2 முத்துகளின் குழிகளுக்குள் செம்பழுப்புப் புள்ளி. மீதி 33 முத்துகளில் எதுவும் தெரியவில்லை. அப்படியானால் 6 மட்டும் சாயமா?

லூப்பும் விளக்கும்:
குழிக்குள் புள்ளி இருக்கும் 2 முத்தும் சாயம் என்றே எடுத்துக்கொள்வேன். வளையம் மட்டும் உள்ள 4 முத்தும் வலுவான சந்தேகத்துக்கு உரியவை. மீதி 33 பற்றி லூப்பால் சொல்ல முடியாது. குழியில்லாத, துளை சுத்தமான முத்தில் சாயம் தேங்க இடமில்லை, ஆகவே அடையாளமும் தெரியாது. இயற்கை மாலையில் நிறம் ஒத்துவராத இடத்தை நிரப்பச் சாய முத்து நாலைந்தைச் செருகுவதும் உண்டு, மாலை முழுவதையும் சாயத்தில் போடுவதும் உண்டு. எது நடந்தது என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

அங்கே ஒளி எதிரொளிப்பு நிறமாலை எடுப்பார்கள். இயற்கைத் தங்க நிறம் 330 முதல் 385 நானோமீட்டர் வரையிலான புற ஊதாப் பகுதியில் ஒளியை உறிஞ்சும். ஜிஐஏ என்ற அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்தின் ஆய்விதழில் 2001இல் வந்த கட்டுரை இதை விளக்கியது. அடர்ந்த தங்க நிறம் இருந்தும் அந்த உறிஞ்சல் இல்லையென்றால் நிறம் பிறகு ஏற்றியது. பல சாயங்கள் 400க்கு மேல், ஊதா நீலப் பகுதியில் தனியாகத் தடம் காட்டும். எக்ஸ்ரே படம் உள்மணியையும் படலத்தின் தடிமனையும் காட்டும், நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

கீழைக்கடல்:
கடைக்காரரிடம் பேசினோம். "லேப் சர்டிபிகேட் தருகிறேன், திருப்ப வேண்டாம்" என்கிறார். ஏற்கலாமா?

நூல்கோர்வை:
வெளி ஆய்வகத்தின் அறிக்கை என்றால் பார்க்கலாம். கடையே அச்சடித்த அட்டை என்றால் வேண்டாம். அறிக்கை எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள். முத்து எண்ணிக்கை, மொத்த எடை, அளவு, புகைப்படம் நான்கும் உங்கள் மாலையோடு ஒத்துப்போக வேண்டும்.

வாசகத்தையும் படியுங்கள். "நேச்சுரல் கலர்" என்பதும் "நிறமேற்றிய அறிகுறி இல்லை" என்பதும் இருக்க வேண்டும். "கல்ச்சர்ட் பேர்ல்" என்று மட்டும் இருந்தால் நிறத்தைப் பற்றி அது பேசவே இல்லை என்று பொருள். 39 முத்தையும் சோதித்தார்களா, மாதிரிக்குச் சிலவற்றை மட்டுமா என்பதையும் கேளுங்கள். குழியில் புள்ளி தெரிந்த மாலைக்கு மாதிரிச் சோதனை போதாது.

லூப்பும் விளக்கும்:
அறிக்கை வரும்வரை காத்திருந்தால் உங்கள் அவகாசம் ஓடிவிடும். இன்றே மாலையைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அவர் இழுத்தால், அறிக்கை வரும் நாள் வரை திருப்பும் உரிமை நீள்கிறது என்று ரசீதிலேயே தேதி போட்டு எழுதி வாங்குங்கள். அந்த 6 முத்தின் துளையையும் குழியையும் லூப் வழியாகப் படமெடுத்து, கொக்கியிலிருந்து எத்தனையாவது முத்து என்று குறித்து வைத்துவிட்டுப் போங்கள். சாயமேற்றியதை வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும் என்பது உலக நகைக் கூட்டமைப்பான சிப்ஜோவின் முத்து விதி. அதையும் எடுத்துச் சொல்லலாம்.

நிறம் உங்களுக்குப் பிடித்திருந்து, சாயம் என்று தெரிந்தே வைத்துக்கொள்ள நினைத்தாலும் தவறில்லை. அளவைப் பார்த்தால் தென்கடல் முத்தாகவே தெரிகிறது. அப்போது "டைட்" (dyed, சாயமேற்றியது) என்று ரசீதைத் திருத்தச் சொல்லி, சாய முத்துக்கான விலையை மட்டும் கொடுங்கள். வெயிலிலும் வாசனைத் திரவியத்திலும் அந்த நிறம் மாறக்கூடும், அதனால் சென்ட் அடித்து உலர்ந்த பிறகே அணியுங்கள், கழற்றியதும் ஈரத் துணியால் துடைத்து வையுங்கள்.