பச்சை முக்கோணம் போட்ட மருந்து மீனையும் விட்டுவிடுமா?

கேள்வி (சேரன்மகாதேவி பக்கம், நெல் விவசாயி):
கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் பிசான நெல். நட்டு 40 நாள் ஆகிறது. வடக்கு வரப்போரம் இலைச்சுருட்டுப் புழு விழுந்து தோகை வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது. கடையில் பச்சை முக்கோணம் போட்ட குளோரான்ட்ரனிலிபுரோல் தந்து, "புழு மட்டும்தான் சாகும், ஆடு மாட்டுக்கு ஒண்ணும் செய்யாது" என்றார்கள். போன வருஷமும் இதே பேச்சைக் கேட்டுத்தான் சைபர்மெத்ரின் அடித்தேன். மறுநாள் காலையில் மடைவாயில் கெளுத்திக் குஞ்சுகள் செத்து மிதந்தன. பேரன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரப்பில் அடுக்கினான். அது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரே விஷம் புழுவைக் கொன்று ஆட்டை விடுவது எப்படி? அப்படியானால் மீன் ஏன் செத்தது?

பதில் 1 (வேளாண்மைத் துறையில் ஓய்வு, அம்பாசமுத்திரம்):
அண்ணாச்சி, கடையில் சொன்னது பொய் இல்லை, பாதிதான். முக்கோணத்தின் நிறம் எலி போன்ற பாலூட்டிகளை வைத்துப் போட்ட கணக்கு. சோதித்ததில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் சிவப்பு. 5000-க்கு மேல் போனால் பச்சை. மீனும் தேனீயும் அந்த நிறத்துக்குள் வராது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எதற்கெடுத்தாலும் மோனோகுரோட்டோபாஸ்தான். நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் ஒரு நொதியை அது முடக்கும். அந்த நொதி புழுவுக்கும் உண்டு, அடிக்கிற ஆளுக்கும் உண்டு. அதை எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

சைபர்மெத்ரின் நரம்பில் சோடியம் போகும் வழியைத் திறந்தபடி நிறுத்திவிடும். ஆட்டின் ஈரல் அதைச் சீக்கிரம் சிதைத்து வெளியே தள்ளும். மீனால் அப்படிச் சிதைக்க முடியாது. செவுள் வழியாக மருந்து நேரே ரத்தத்தில் ஏறும். உங்கள் கெளுத்திக்கு நடந்தது அதுதான்.

இப்போது கையில் இருப்பது வேறு வகை. தசைக்குள் கால்சியத்தை அடைத்து வைக்கும் ஒரு கதவு உண்டு. இந்த மருந்து அதைத் திறந்துவிடும். கால்சியம் வடிந்து தசை விறைக்கும், புழு வாயை அசைக்க முடியாமல் தீனியை நிறுத்தும், சில நாளில் சாகும். அதே கதவு ஆட்டுக்கும் உண்டு, ஆனால் அமைப்பு வேறு. பூச்சியின் கதவு இந்த மருந்துக்குப் பல நூறு மடங்கு எளிதில் திறக்கும். மீனுக்கும் தேனீக்கும் ஆபத்து குறைவு. ஆனால் மீனுக்கு இரையாகும் நீர்ப்பூச்சி, கூனி இறாலுக்கு இது கடும் விஷம். அதனால் அடித்தால் ஏக்கருக்கு 60 மில்லிக்கு மேல் வேண்டாம். மடையை அடைத்துவிட்டு, காற்றில்லாத சாயங்காலம் அடியுங்கள். அந்தத் தண்ணீரை உடனே வாய்க்காலில் விடாதீர்கள்.

அதற்கு முன், தோகையை எண்ணினீர்களா? இந்தப் பருவத்தில் நூற்றுக்குப் பத்து தோகை கெட்டால்தான் மருந்து. யூரியா கூடினாலும் இந்தப் புழு கூடும்.

பதில் 2 (கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் அருகே):
எங்கள் பக்கம் பறவைக்காக தீபாவளிக்கு வெடி போட மாட்டோம். ஆனால் கூழைக்கடா குஞ்சுக்கு ஊட்டுவது மீன். அந்த மீன் இருக்கிற குளத்துக்குத்தான் வயல் தண்ணீரும் வடிகிறது. வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிற நாம் மருந்துப் புட்டிக்கும் பயப்பட வேண்டும். இன்னொன்று, சைபர்மெத்ரின் அடித்த எங்கள் வயலில் சிலந்தியெல்லாம் செத்து, அப்புறம் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வந்து தாள் காய்ந்தது. அதைத் தின்ன ஆள் இல்லை.

கேள்வி கேட்டவர்:
இன்று காலை நான்கு இடத்தில் 25 தோகை வீதம் எண்ணினேன். நூற்றில் ஆறுதான் கெட்டிருக்கிறது. மருந்தைப் பிரிக்கவில்லை. யூரியாவையும் நிறுத்திவிட்டேன். பேரனும் நானும் வரப்புக்கு வரப்பு கயிறு இழுத்தோம், புழு நிறையத் தண்ணீரில் விழுந்தது. முட்டை ஒட்டுண்ணி அட்டையை (புழுவின் முட்டையை அழிக்கும் குட்டிக் குளவி வெளிவரும் காகித அட்டை) நட்ட 37, 44, 51ஆம் நாள்களில் கட்டுவார்களாமே, முதல் தவணை தவறிவிட்டது. 44-க்காவது கட்டினால் பலன் இருக்குமா அண்ணாச்சி?

பதில் 1:
இருக்கும். இப்போதுதான் முட்டையிடுகிற தாய் அந்துப்பூச்சியும் பறக்கிறது. அட்டை கட்டிய பிறகு எந்த மருந்தும் அடிக்காதீர்கள்.