2025 இன் புரோகிரசிவ் ராக் ஆல்பங்கள்: முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து கேட்கத் தூண்டியது எது?

காட்பாடிச் சந்திப்பு எழுதியது:

வணக்கம். ஆண்டு முடியும் நேரத்தில் முதல் பத்து, முதல் ஐம்பது என்று பட்டியல்கள் வந்து குவிகின்றன. ஆனால் ஒரு ஆல்பத்தை நாம் ஏன் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதற்கான காரணம் அவற்றில் அகப்படுவதில்லை. ஆகவே வரிசை எண்ணெல்லாம் வேண்டாம். இந்த ஆண்டு வெளிவந்த புரோகிரசிவ் ராக் (நீண்ட, பல பகுதிகளாக மாறிச் செல்லும் ராக் இசை) ஆல்பங்களில், கேட்டு முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து கேட்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியது எது, ஏன் அப்படித் தோன்றியது என்று மட்டும் சொல்லுங்கள்.

நான் வேலைக்காகச் சென்னைக்குப் போய்வருபவன். எனக்கு இசை கேட்கக் கிடைப்பது பெரும்பாலும் ரயில் நேரம்தான். டிரீம் தியேட்டர் குழு, பாடகர் ஸ்டீவன் வில்சன், ஜெத்ரோ டல் குழு ஆகிய மூவரின் புதிய ஆல்பங்களையும் கேட்டுவிட்டேன். மூன்றிலும் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு ஒன்றாவது இருக்கிறது. அந்த நீளம் தேவைப்பட்டுத்தான் வந்ததா, அல்லது நான்கு சின்னப் பாட்டுகளை ஒட்டவைத்து ஒரே பெயர் சூட்டியிருக்கிறார்களா என்பதே என் ஐயம். 1972 இல் ஜெனிசிஸ் குழு 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தில் வைத்த 'சப்பர்ஸ் ரெடி' ஏழு பகுதிகள் கொண்டது, இருபத்து மூன்று நிமிடம் ஓடுவது. நடுவில் அது எங்கெங்கோ அலைந்தாலும் தொடக்கத்தில் கேட்ட மெட்டு இறுதிக்கு அருகில் திரும்பி வரும்போது, அதுவரை கேட்டதெல்லாம் ஒரே பாட்டுதான் என்று காது ஒப்புக்கொண்டுவிடுகிறது. இந்த ஆண்டின் நீண்ட பாட்டுகளில் அப்படி ஒப்புக்கொள்ள வைப்பவை எவை?

சத்துவாச்சாரி மாடிவீடு எழுதியது:

என் விடை ஸ்டீவன் வில்சனின் 'தி ஓவர்வியூ'. மார்ச் 14 அன்று வெளிவந்தது. மொத்தமே இரண்டு டிராக்குகள்தான்: முதலாவது 23 நிமிடம், இரண்டாவது 18 நிமிடம். உங்களைப் போன்ற ரயில் பயணிக்கு ஏற்ற அளவு என்றும் சொல்லலாம். காட்பாடியில் தொடங்கினால், வழியில் சிக்னலுக்கு நிற்காத நாளில் அரக்கோணம் நெருங்கும்போது முடிந்துவிடும்.

விண்வெளியிலிருந்து பூமியைப் பார்த்த வீரர்கள் சிலருக்கு மனிதர்களின் சண்டை சச்சரவுகள் எல்லாம் திடீரென்று அற்பமாகத் தெரிகின்றன என்ற அனுபவம்தான் ஆல்பத்தின் கரு. அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஒயிட் 1987 இல் அதற்கு 'ஓவர்வியூ எஃபெக்ட்' என்று பெயர் வைத்து நூல் எழுதினார். ஆல்பத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததே. இப்படிப்பட்ட கருவை எடுத்துக்கொண்டால் பாட்டு முழுக்க நட்சத்திரம், பால்வெளி என்று பெரிய பெரிய சொற்களை அடுக்கிவிட்டுப் போகும் ஆபத்து உண்டு. முதல் டிராக்கின் ஒரு பகுதிக்குப் பாடல் வரிகளை எக்ஸ்டிசி என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ஆண்டி பார்ட்ரிட்ஜிடம் எழுதி வாங்கியதால் வில்சன் அதிலிருந்து தப்பித்தார் என்பது என் கணிப்பு. அந்தப் பகுதியில் சாதாரணத் தெரு ஒன்றில் கடன் தவணை கட்ட முடியாமல் ஒருவன் காருக்குள் அழுதுகொண்டிருக்கிறான். அதே மூச்சில், எங்கோ ஒரு தொலைதூர மண்டலத்தில் ஒரு சூரியன் அணைகிறது, அந்த ஓசை யார் காதிலும் விழவில்லை. எது பெரிய துயரம் என்று பாட்டு தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே மெட்டில் பாடிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மறுமுறை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான். கித்தார் வாசிப்பில் ராண்டி மக்ஸ்டைன் எத்தனை வித்தை காட்டினாலும் அது அடுத்தபடிதான்.

ஒரு எச்சரிக்கை. ஆல்பத்தின் கடைசிச் சில நிமிடங்களில் தாளமே இல்லை. கீபோர்டின் மெல்லிய படலத்தின் மீது தியோ டிராவிசின் சாக்சஃபோன் மட்டும் மிக அடக்கமாக ஒலிக்கிறது. மே மாதத்து வேலூரில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில், மின்விசிறியை ஐந்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் கேட்டால் அந்தப் பகுதி வந்துபோனதே தெரியாது. காதை மூடும் ஹெட்ஃபோனில் கேளுங்கள்; இல்லையென்றால் மார்கழி வரும்வரை பொறுத்திருங்கள்.

குடியாத்தம் புல்லாங்குழல் எழுதியது:

மேலே எழுதியவர் புகழ்ந்த ஆல்பத்தின் முதல் பாதியை ஏற்கிறேன், இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. இரண்டாவது டிராக்கின் தொடக்கத்தில் வில்சனின் துணைவியார் ரோட்டம் வில்சன் விண்பொருள்களின் அளவுகளையும் தொலைவுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். முதல் தடவை வியப்பாக இருக்கிறது. அடுத்த தடவை, எண்களின் பட்டியல் எப்போது முடியும், பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருக்க வேண்டியதாகிறது.

எனக்கு ஜெத்ரோ டல்லின் 'கியூரியஸ் ரூமினன்ட்' போதும். மார்ச் 7 அன்று வந்தது, அவர்களுடைய இருபத்து நான்காவது ஸ்டூடியோ ஆல்பம். குழுவின் பாடகரும் புல்லாங்குழல் கலைஞருமான இயன் ஆண்டர்சன் 1947 இல் பிறந்தவர். குரலில் பழைய வீச்சு இல்லை. அதை அவர் மறைக்கவும் முயலவில்லை. உயரே போக வேண்டிய இடங்களைப் புல்லாங்குழலிடம் ஒப்படைத்துவிட்டு, குரலைப் பேச்சுக்கு அருகிலேயே வைத்துக்கொள்கிறார். 'டிரிங்க் ஃபிரம் தி சேம் வெல்' ஏறத்தாழ பதினேழு நிமிடம் ஓடுகிறது என்பது முடிந்தபின் நேரத்தைப் பார்த்தால்தான் தெரியும். நீளத்தைக் காட்டிக்கொள்ளாத நீளம் என்று அதைச் சொல்வேன்.

செய்யாற்றுக்காரன் எழுதியது:

டிரீம் தியேட்டரை இதுவரை யாரும் தொடவில்லையே. பிப்ரவரி 7 அன்று வந்த 'பாராசோம்னியா' அவர்களுடைய பதினாறாவது ஆல்பம். 2010 இல் விலகிய டிரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னாய் 2023 இல் திரும்பி வந்தபின் வெளிவந்த முதல் ஆல்பம் என்பதால் எதிர்பார்ப்பு மலைபோல் இருந்தது. தூக்கத்தில் நடப்பது, அலறுவது, உடல் கட்டுண்டு கிடப்பது போன்ற தொல்லைகள்தான் பாட்டுகளின் பொருள். எட்டு டிராக்குகள், எழுபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அதில் பதினைந்து நிமிடத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். கித்தார் கலைஞர் ஜான் பெட்ரூச்சியே தயாரிப்பாளராகவும் இருப்பதால் 'இந்தத் தனி வாசிப்பு (சோலோ) வேண்டாம்' என்று அவரிடம் சொல்ல ஆளில்லை போலிருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியான விடை, இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'தி ஷேடோ மேன் இன்சிடென்ட்' என்பேன். பத்தொன்பதரை நிமிடம். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தின்போது விடிய விடியக் கூத்து நடக்கும். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் நடுச்சாமத்தில் பாயை விரித்துத் தூங்கிவிடுவார்கள். புதிதாக ஒரு வேடம் வரும்போது இருவர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று ஒரு பாட்டுப் பாடியபின்தான் வேடக்காரர் வெளியே வருவார். வந்தவுடன் கட்டியங்காரன் அவரை 'நீங்கள் யார், எந்த ஊர், எதற்காக வந்தீர்கள்' என்று துருவித் துருவிக் கேட்பான். முகவீணைச் சத்தத்தில் அப்போதுதான் கண்விழித்தவனுக்கும் கதை எங்கே நிற்கிறது என்பது விளங்கிவிடும். எட்டு மணிநேரத்தை மனிதன் தாங்குவது, நடுவில் நழுவியவனை மீண்டும் உள்ளே இழுக்க இப்படி ஒரு வழி வைத்திருப்பதால்தான். நீண்ட பாட்டுக்கும் அந்த வழி வேண்டும். இந்தப் பாட்டில் கித்தாரும் கீபோர்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு எங்கோ ஓடி, நமக்கும் கவனம் சிதறத் தொடங்கும் நேரத்தில், முன்பே அறிமுகமான கனத்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கித்தார் துணுக்கு) வந்து நின்று, இன்னார் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறது. எங்கே இருக்கிறோம் என்று பிடிபட்டபின் அடுத்த ஓட்டத்துக்கு மறுபடி தயாராகிவிடுகிறோம்.

ஆல்பத்தின் மற்ற நீண்ட பாட்டுகளில் எனக்கு இந்தப் பிடி கிடைக்கவில்லை. வித்தை இருக்கிறது, கேட்டவன் திரும்பி வர வாசல் இல்லை. ஆகவே முழு ஆல்பத்தையும் மறுபடி கேட்பீர்களா என்று கேட்டால் மாட்டேன் என்பேன், கடைசிப் பாட்டை மட்டும் என்றால் இன்றிரவே கேட்பேன்.

காட்பாடிச் சந்திப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. செய்யாற்று அண்ணா சொன்ன அளவுகோலை வைத்துக்கொண்டு நேற்று வில்சனை மறுபடி கேட்டேன். அந்த எண்களின் பட்டியல் எனக்கும் சற்று நெடிதாகவே பட்டது, மன்னிக்கவும் மாடிவீட்டு நண்பரே. இன்னும் இரண்டு ஐயங்கள். முதலாவது, சென்ற ஆண்டு நவம்பரில் வந்த, ஸ்வீடனின் ஓபெத் குழுவின் ஆல்பத்தை நான் இந்த ஆண்டில்தான் கேட்கத் தொடங்கினேன். நீளமான பாட்டுகள் இல்லாமலே அது ஒன்றாக நிற்பதாகத் தோன்றுகிறது, அது எப்படி? இரண்டாவது, கல்லூரி விடுதியில் இருக்கும் என் அக்கா மகன் இந்த இசையைக் கேட்டுப் பழக விரும்புகிறான். இதுவரை அவன் கேட்டதெல்லாம் நான்கு நிமிடப் பாட்டுகளே. அவனுக்கு எதை முதலில் கொடுக்கலாம்?

சத்துவாச்சாரி மாடிவீடு எழுதியது:

பட்டியல் பற்றி இருவர் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓபெத் பற்றிச் சொல்கிறேன். 2009 இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு அவர்கள் வந்து வாசித்த காலத்திலிருந்து பின்தொடர்பவன் என்பதால் கொஞ்சம் சார்பும் உண்டு. 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' முதல் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் ஒரு செல்வந்தரின் உயில் அவருடைய பிள்ளைகள் முன் வாசிக்கப்படும் கதை. ஏழு பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது. உயிலின் பிரிவுகளைப் போல எண் மட்டும்தான். எட்டாவதற்கு மட்டும் பெயர் வைத்திருக்கிறார்கள், முடிச்சு அவிழ்வதும் அங்கேதான். அதை இங்கே சொல்லிக் கெடுக்க மாட்டேன். சொத்துத் தகராறில் உயில் படிக்கப்படும் வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த அறையின் இறுக்கம் எளிதில் புரியும். 2008 இன் 'வாட்டர்ஷெட்' ஆல்பத்துக்குப் பிறகு குழுவின் பாடகர் மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் கைவிட்டிருந்த உறுமல் குரல் இதில் திரும்பியிருக்கிறது. தந்தையின் சினத்துக்கு அது பொருந்துவதால் வெறும் ஆரவாரமாகத் தெரியவில்லை. நம் குடியாத்தத்து நண்பருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி, இயன் ஆண்டர்சன் இதில் கதைசொல்லியாகப் பேசுவதோடு குழலும் வாசித்திருக்கிறார். பாட்டுகள் சிறிதாக இருந்தும் ஆல்பம் ஒன்றாக நிற்பதற்குக் காரணம், உயிலில் அடுத்து என்ன வரும், யாருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி கடைசிவரை திறந்தே இருப்பதுதான்.

குடியாத்தம் புல்லாங்குழல் எழுதியது:

அக்கா மகனுக்கு உறுமலையும் எண்களையும் முதல் நாளே கொடுத்து விரட்டிவிடாதீர்கள். பெங்களூரின் அகம் குழு இந்த ஆண்டு வெளியிட்ட 'அரைவல் ஆஃப் தி எதிரியல்' ஆல்பத்திலிருந்து தொடங்கட்டும். ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் கர்நாடக சங்கீதக் குரலைப் பிடித்துக்கொண்டே அவன் கடினமான தாளங்களுக்குள் போய்விடலாம். அடுத்து ஜெத்ரோ டல்.

செய்யாற்றுக்காரன் எழுதியது:

அவன் மூன்றாவதாகக் கேட்க, ஐக்யூ குழுவின் 'டொமினியன்' என்று நான் சேர்ப்பேன். இங்கிலாந்தில் 1981 இல் தொடங்கிய குழு. மார்ச்சில் வந்த இந்த ஆல்பத்தில் ஐந்தே பாட்டுகள். எடுத்த எடுப்பிலேயே இருபத்திரண்டு நிமிடப் பாட்டு ஒன்று நிற்கிறது. அவனை அதில் தொடங்க விடாமல், இரண்டாவதாக உள்ள சின்னப் பாட்டை முதலில் கேட்கச் சொல்லுங்கள். அது பிடித்துப்போனால் அவனே நீண்டதற்குத் திரும்பி வருவான். மற்றொன்று, அவன் போனில் ஷஃபிளை அணைத்துவிட்டு, டிராக்குகள் இடைவெளி இல்லாமல் தொடரும்படி அமைத்துக் கொடுங்கள். 'பாராசோம்னியா' போன்றவற்றை வரிசை கலைத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் புரியவில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.